ப்ரூஃப்: பர்பன் விஸ்கியின் வீரியத்தை அளந்த வரலாறு

பர்பன் விஸ்கிக்கு அமெரிக்கச் சட்டம் விதித்திருக்கும் முக்கிய நிபந்தனைகளை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். தானியத்தில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம்; வாலையிலிருந்து இறங்கும்போது 160 ப்ரூஃபுக்கு மேல் போகக் கூடாது; உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் 125 ப்ரூஃபுக்கு மிகாமல் ஊற்றி வைக்க வேண்டும்; புட்டியில் அடைக்கும்போது 80 ப்ரூஃபுக்குக் குறையக் கூடாது. மக்காச்சோளத்தை விட்டால் மற்ற ஒவ்வொன்றிலும் ப்ரூஃப் என்ற அளவு வந்துவிடுகிறது. அமெரிக்கக் கணக்கில் அது ஆல்கஹால் விழுக்காட்டின் இரட்டிப்பு. 100 ப்ரூஃப் என்றால் கொள்ளளவில் 50 விழுக்காடு. சாதாரண பர்பன்கள் 80 முதல் 100 வரை நிற்கின்றன. தண்ணீரே சேர்க்காமல், பீப்பாயில் இருந்த வீரியத்திலேயே அடைக்கப்படும் வகைகள் 120, 130 என்று ஏறும். இன்று இந்த எண்ணைப் புட்டியின் சீட்டில் பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்கிறார்கள். ஆனால் இதைக் கண்டுபிடித்தவர்கள் சுவைஞர்கள் அல்லர், வரி வசூலித்தவர்கள். நாக்குக்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பு ஏற்பட வெகுகாலம் பிடித்தது.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து அரசு காட்டமான சாராயத்துக்குக் கூடுதல் வரி, அல்லாததற்குக் குறைந்த வரி என்று பிரித்தது. அப்படிப் பிரித்தால் ஏதோ ஓர் எல்லைக்கோடு வேண்டும். வெடிமருந்தில் சாராயத்தை ஊற்றிப் பற்றவைத்துப் பார்த்தார்கள் என்று சொல்லப்படுவது இந்தத் தேவையை ஒட்டித்தான். சாராயம் எரிந்து அடங்கியதும் மருந்து குப்பென்று பிடித்துக்கொண்டால் சரக்கு தேறியது. நனைந்துபோய்ப் பிடிக்காவிட்டால் தண்ணீர் அதிகம். கேட்பதற்கு விறுவிறுப்பான இந்தச் சோதனையை நம்பி ஒரு கஜானாவை நடத்த முடியாது. ஒரே சாராயத்தைக் கொஞ்சமாக ஊற்றினால் மருந்து பிடிக்கும், தாராளமாக ஊற்றினால் பிடிக்காது. வணிகருக்கும் அதிகாரிக்கும் சண்டை வருவதற்கு இதுவே போதும்.

கடைசியில் சண்டையைத் தீர்த்தது மிதக்கும் கருவி. ஆல்கஹால் தண்ணீரைவிட இலேசானது என்பதால், ஹைட்ரோமீட்டர் வீரியமான சாராயத்தில் ஆழமாக அமிழும், நீர்த்ததில் மேலே நிற்கும். பார்த்தலோமியூ சைக்ஸ் என்ற கலால் அதிகாரி வடிவமைத்த கருவியை 1816ஆம் ஆண்டின் சட்டம் பிரிட்டனின் அதிகாரபூர்வ அளவையாக்கியது. அதன்படி 100 ப்ரூஃப் என்பது ஏறத்தாழ 57.1 விழுக்காடு ஆல்கஹால். பிரிட்டிஷ் ஆட்சியோடு இந்தியாவுக்கும் வந்த இந்த அளவை இங்கே இன்னும் மறையவில்லை. தமிழ்நாட்டில் விற்கும் பிராந்தி, விஸ்கிப் புட்டிகளில் 42.8 விழுக்காடு என்ற விசித்திரமான எண் அச்சாவதற்குக் காரணம், அது சைக்ஸ் கணக்கில் சரியாக 75 ப்ரூஃப் என்பதுதான்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. புதிய குடியரசு 1791இல் உள்நாட்டுச் சாராயத்துக்குக் கலால் வரி போட்டபோது, லிவர்பூலைச் சேர்ந்த ஜான் டைகாஸின் ஹைட்ரோமீட்டரைக் கொண்டு வீரியத்தை ஆறு படிகளாகப் பிரித்தது. காலனுக்கு 9 சென்ட் முதல் 25 சென்ட் வரை வரி. மேற்குப் பென்சில்வேனியாவின் உழவர்கள் 1794இல் கலகத்தில் இறங்கினார்கள். கெண்டக்கிக்காரர்கள் பெரும்பாலும் கலகம் செய்யாமலே வரியைக் கட்டாமல் இருந்துவிட்டார்கள். 1802இல் வரி நீக்கப்பட்டது. பிரிட்டனோடு நடந்த போரின் செலவுக்காக 1814 முதல் 1817 வரை மீண்டும் தலைகாட்டியதோடு சரி, அதன்பின் 1862 வரை வாலைப் பக்கம் அதிகாரி எட்டிப் பார்க்கவில்லை.

அந்த இடைக்காலத்தில்தான் கெண்டக்கியில் மக்காச்சோள விஸ்கி ஒரு தொழிலாக வளர்ந்தது. பண்ணையில் வடித்தவர்கள் பெரும்பாலும் கண்ணால் அளந்தார்கள். ஒரு சிறு புட்டியில் முக்கால் பாகம் நிரப்பி, கட்டைவிரலால் வாயை அடைத்து, ஓங்கி ஒரு குலுக்கு. மேலே எழும் குமிழிகளுக்கு மணி என்று பெயர். குமிழிகள் பெரிதாக எழுந்து சட்டென்று உடைந்தால் சரக்கு மிகக் காட்டம். பொடியாக எழுந்து நெடுநேரம் ஒட்டிக்கொண்டிருந்தால் தண்ணீர் கூடிவிட்டது. நடுத்தர அளவில், பாதி முங்கிப் பாதி மிதந்தபடி சிறிது நேரம் நின்றால் ஏறத்தாழ 100 ப்ரூஃப். வாலையில் முதலில் வருவது வீரியமாகவும் போகப்போக நீர்த்தும் இறங்குவதால், எந்த இடத்தில் வெட்டிப் பிரிப்பது என்பதையும் மணிதான் சொன்னது. அப்பலாச்சிய மலைகளின் கள்ளச்சாராயக்காரர்கள் இந்த முறையை 20ஆம் நூற்றாண்டிலும் கைவிடவில்லை. பழகிய கைக்கு அது ஓரளவு துல்லியமாகவே வரும்.

கண்ணை நம்பும் சந்தையில் கண்ணை ஏமாற்றுவதும் எளிது. நகரங்களில் ரெக்டிஃபையர் எனப்பட்ட கலப்பு வணிகர்கள் மொத்தமாக மலிவுச் சாராயம் வாங்கி, நிறமும் மணமும் ஏற்றி, பழைய விஸ்கி என்று விற்றார்கள். தண்ணீர் விட்டு நீர்த்த சரக்கில் நல்ல மணி எழவேண்டும் என்பதற்காகவே ஒரு தைலம் தயாரித்தார்கள். இனிப்புப் பாதாம் எண்ணெயில் கந்தக அமிலம் சேர்த்துச் செய்யும் இந்த மணித்தைலத்துக்கான செய்முறைகள் அக்காலத்து மதுபானக் கைப்புத்தகங்களில் ஒளிவுமறைவில்லாமல் அச்சாகியிருக்கின்றன. பியேர் லாக்கூர் 1853இல் வெளியிட்ட நூல், வடிக்காமலேயே மதுவகைகளை உண்டாக்குவது எப்படி என்பதையே தன் பொருளாக வெளிப்படையாக எடுத்துக்கொண்டது. விஸ்கியின் தரத்தைப் பற்றிய அமெரிக்கச் சட்டங்கள் பிற்காலத்தில் ஏன் அவ்வளவு கறாராக எழுதப்பட்டன என்பதற்கு அந்த நூலின் பொருளடக்கமே விளக்கம்.

உள்நாட்டுப் போர் வரியை மீண்டும் கொண்டுவந்தது. 1862இல் காலனுக்கு 20 சென்ட். 1865க்குள் 2 டாலர். ஒரு காலன் விஸ்கியை வடிக்கும் செலவைப் போலப் பல மடங்கு அது. ஏய்ப்பு பெருகியதால் 1868இல் வரியை 50 சென்டுக்கு இறக்கிவிட்டு, அளவையை இறுக்கினார்கள். 60 பாரன்ஹீட் வெப்பநிலையில் கொள்ளளவில் பாதி ஆல்கஹால் கொண்டதே ப்ரூஃப் சாராயம் என்று அந்த ஆண்டின் சட்டம் வரையறுத்தது. பிரிட்டனின் 57.1 போலக் கணக்கைச் சிக்கலாக்காத எண் அது. யோகான் டிராலஸ் என்ற அறிவியலாளரின் விழுக்காட்டு முறையிலிருந்து பிறந்தது. இந்தப் பாதிக்குப் பாதியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆல்கஹாலும் தண்ணீரும் கலக்கும்போது மொத்தக் கொள்ளளவு சுருங்கும். 100 காலன் கிடைக்க, 50 காலன் ஆல்கஹாலோடு 53.71 காலன் தண்ணீர் சேர்க்க வேண்டும்.

வரியும் வெறும் காலனுக்கு அல்லாமல் ப்ரூஃப் காலனுக்கு என்றாயிற்று. 120 ப்ரூஃபில் 100 காலன் இருந்தால் 120 ப்ரூஃப் காலன். அதையே நீர்க்கவைத்து 100 ப்ரூஃபில் 120 காலனாக்கினாலும் கணக்கு அதே 120. தண்ணீர் சேர்ப்பதால் அரசுக்கு நட்டமும் இல்லை, வடிப்பவருக்கு லாபமும் இல்லை.

இந்தக் கணக்கைச் செயல்படுத்தியவர் கேஜர் எனப்பட்ட அரசு அளவையாளர். நிரப்பிய பீப்பாயின் தக்கைத் துளை வழியாக அளவுகோலைச் சாய்வாக இறக்கிக் கொள்ளளவைக் கணிப்பார். பிறகு கொஞ்சம் விஸ்கியை எடுத்து நீண்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, வெப்பமானியையும் ஹைட்ரோமீட்டரையும் அதில் விடுவார். கருவி ஆடி அடங்கும்வரை காத்திருந்து, கண்ணைத் திரவத்தின் மட்டத்துக்குத் தாழ்த்தி, காம்பில் திரவம் வெட்டும் கோட்டைப் படிப்பார். ஓரத்தில் ஏறி நிற்கும் வளைவைப் படித்தால் கணக்கு பிசகும். கோடைக் காலத்தில் சாராயம் விரிந்து இலேசாகிக் கருவி கூடுதலாக அமிழும் என்பதால், படித்த எண்ணை அரசு அட்டவணையில் பார்த்து 60 பாரன்ஹீட்டுக்குத் திருத்தி, பீப்பாயின் முகப்பில் வரிசை எண்ணோடு எழுதுவார். சேமிப்புக் கிட்டங்கியின் பூட்டும் அரசினுடையது. அதிகாரி வந்து திறந்தால்தான் முதலாளியே தன் சரக்கைப் பார்க்க முடியும். இந்த ஏற்பாடு 1980 தொடங்கும்வரை நீடித்தது.

விஸ்கி முதிர்ந்து சுவையேறியதற்கு வரிச்சட்டத்தின் மறைமுக உதவியும் உண்டு. வரி கட்டாமல் கிட்டங்கியில் வைத்திருக்கும் காலத்தை 1868இன் சட்டம் ஓராண்டாக வைத்தது. 1879இல் அது மூன்றாக, 1894இல் எட்டாக நீண்டது, 1958இல் இருபதானது. காலம் நீண்டதோடு பீப்பாய்க்குள் ப்ரூஃபும் நகர்ந்தது. கெண்டக்கியின் கிட்டங்கிகள் பல மாடிகள் கொண்டவை; மேல்மாடிகள் கோடையில் உலையாகக் கொதிக்கும். வறண்ட சூட்டில் ஓக் பலகையின் வழியே ஆல்கஹாலைவிடத் தண்ணீர் வேகமாகக் கசிந்து ஆவியாவதால், உள்ளே எஞ்சியதன் வீரியம் ஆண்டுதோறும் ஏறும். ஸ்காட்லாந்தின் குளிர்ந்த, ஈரமான கிட்டங்கிகளில் இது தலைகீழாக நடந்து வீரியம் இறங்கும். கெண்டக்கியில் ஆவியாகிப் போவது ஆண்டுக்கு 3 முதல் 5 விழுக்காடு. ஒரே நாளில் ஊற்றிய இரண்டு பீப்பாய்கள் கீழ்மாடியிலும் மேல்மாடியிலும் இருந்து எட்டாண்டு கழித்து இறங்கும்போது, நிறத்திலும் காட்டத்திலும் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவையாக இருக்கக்கூடும்.

1897 மார்ச் 3 அன்று நிறைவேறிய பாட்டில்டு இன் பாண்ட் சட்டம், ப்ரூஃபைக் குடிப்பவரின் கண்ணுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தது. எட்மண்ட் ஹெய்ன்ஸ் டெய்லர் என்ற கெண்டக்கி வடிசாலை முதலாளியும் கருவூலச் செயலராக இருந்த ஜான் கார்லைலும் அதற்குப் பின்னால் நின்றவர்கள். ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசுக் கண்காணிப்பில் நான்காண்டாவது முதிர்ந்து, சரியாக 100 ப்ரூஃபில் அடைக்கப்பட்ட விஸ்கிக்கு மட்டும் புட்டியின் கழுத்தில் பச்சை முத்திரைச் சீட்டு ஒட்டப்பட்டது. வடித்த பருவமும் அடைத்த பருவமும் அதில் அச்சாகியிருக்கும். சுவை நன்றாக இருக்கும் என்று அரசு எங்கும் சொல்லவில்லை. கலப்படம் இல்லை என்று மட்டுமே உறுதி தந்தது. வாங்குபவர்கள் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டார்கள். 100 ப்ரூஃப் என்றால் நேர்மையான சரக்கு என்ற எண்ணம் அப்போது வேரூன்றியது. 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்த காலத்தில் மருத்துவர் சீட்டோடு மருந்துக்கடையில் கிடைத்த விஸ்கியும் பெரும்பாலும் இந்த 100 ப்ரூஃப் வகைதான்.

மதுவிலக்கு நீங்கியபின் ருசி மாறிற்று. முதிர்ந்த இருப்பு இல்லாததால் இலேசான கலப்பு விஸ்கிகள் சந்தையைப் பிடித்தன. பிறகு நிறமும் மணமும் இல்லாத வோட்கா வந்து இளைஞர்களை இழுத்தது. பர்பன் நிறுவனங்கள் 100இலிருந்து 90, 86, 80 என்று இறங்கின. இதே காலத்தில் பீப்பாயின் பக்கம் எதிர்த்திசையில் ஒரு மாற்றம் நடந்தது. ஊற்றும்போது 110 ப்ரூஃபுக்கு மிகக் கூடாது என்றிருந்த வரம்பை 1962இல் 125 ஆக்கினார்கள். 53 காலன் பீப்பாயில் 110இல் ஊற்றினால் 58.3 ப்ரூஃப் காலன். 125இல் ஊற்றினால் 66.25. பீப்பாய்ச் செலவும் கிட்டங்கி இடமும் மிச்சம். ஆனால் ஓக் மரத்தின் இனிப்பான பொருட்கள் பல தண்ணீரில் எளிதாகக் கரைபவை. குறைந்த ப்ரூஃபில் ஊற்றி முதிரவைத்ததன் சுவையே தனி என்று சொல்லும் வடிப்பாளர்கள் இன்றும் உண்டு. மேக்கர்ஸ் மார்க் 110ஐ விட்டுக் கொடுக்கவில்லை. இன்றைய பீப்பாய் வீரிய பர்பன்கள் 130ஐத் தொடுவதற்குக் கெண்டக்கி வெயிலோடு 1962இன் இந்தச் சிக்கனமும் காரணம். பழைய வரம்பில் ஊற்றியிருந்தால் அந்த உயரத்தை எட்டுவது அரிது.

பர்பன் விற்பனை அடிமட்டத்தில் கிடந்த நேரத்தில்தான் இந்த வகை வெளியே வந்தது என்பது வேடிக்கை. பீப்பாயிலிருந்து வெளியேற்றியபோது இருந்ததைவிட இரண்டு ப்ரூஃபுக்கு மேல் குறையாத விஸ்கிக்கே பேரல் ப்ரூஃப் என்ற சொல்லைப் பயன்படுத்தலாம் என்று 1979இல் கூட்டரசு விதித்திருந்தது. ஜிம் பீமின் பேரனும் தலைமை வடிப்பாளருமான புக்கர் நோ, தனக்குப் பிடித்த பீப்பாய்களிலிருந்து தண்ணீர் கலக்காமல், கூழ்படியும் கொழுப்புப் பொருட்களைக் குளிர்வித்து வடிகட்டாமல் எடுத்த விஸ்கியை நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்துவந்தார். அது 1988இல் புக்கர்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கிட்டங்கியின் நடுப்பகுதியில் ஆறிலிருந்து எட்டாண்டு முதிர்ந்த சரக்கு, பெரும்பாலும் 120இன் பக்கம். 1991இல் வைல்ட் டர்க்கி நிறுவனத்தின் ரேர் பிரீட், 2002இல் ஜார்ஜ் டி. ஸ்டாக், 2013இல் எலைஜா கிரெய்க் பேரல் ப்ரூஃப் என்று வரிசை நீண்டது. அதே 2013இன் பிப்ரவரியில், சரக்குத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 90இலிருந்து 84க்கு இறங்கப்போவதாக மேக்கர்ஸ் மார்க் அறிவித்தது. வாடிக்கையாளர்களின் கொந்தளிப்பில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. முன்பு யாரும் பொருட்படுத்தாமல் இறக்கிக்கொண்டே வந்த எண், அதற்குள் பறிகொடுக்க முடியாத ஒன்றாகிவிட்டிருந்தது.

இவ்வளவு காட்டமான பானத்தை மதிப்பிடுவது சாதாரண விஸ்கியை மதிப்பிடுவது போன்றதல்ல. வாயில் தோன்றும் எரிச்சலை உண்டாக்குவது நரம்புமுனைகளில் உள்ள ஓர் உணர்வாங்கி. சுமார் 42 பாகை செல்சியஸில் சூடு என்று குரல் கொடுக்கும் அது, எத்தனால் பட்டவுடன் 34 பாகையை ஒட்டியே குரல் கொடுக்கத் தொடங்கிவிடுகிறது. உடலின் இயல்பான வெப்பமே தீயாகத் தெரிகிறது. மிளகாயின் காரத்தை உணர்த்துவதும் இதே உணர்வாங்கிதான். எனவே 130 ப்ரூஃப் விஸ்கியின் முதல் மடக்கைக் கொண்டு தீர்ப்புச் சொல்வதில் பொருளில்லை. அது நாக்கைத் தயார் செய்வதோடு சரி. புக்கர் நோ, ஒரு வாய் எடுத்து உணவை மெல்வதுபோல் நாக்கின் எல்லாப் பக்கமும் உருட்டி, உதட்டைச் சப்புக்கொட்டி விழுங்கும் பழக்கத்தைப் பிரபலமாக்கினார். கெண்டக்கி மெல்லல் என்று அதற்குப் பெயரே ஏற்பட்டது.

மூக்குக்கும் இதே சிக்கல். கண்ணாடிக்குள் மூக்கை நுழைத்து ஆழ இழுத்தால் எத்தனால் ஆவி மற்ற எல்லா மணங்களையும் அடித்துப்போட்டுவிடும். வாயைச் சற்றே திறந்தபடி, விளிம்புக்கு மேல் மூக்கை நிறுத்தி மெல்ல இழுப்பதே அனுபவசாலிகளின் வழி. வடிசாலைகளின் தரச்சோதனையில் மாதிரிகளை 40 ப்ரூஃப் அளவுக்கு, அதாவது 20 விழுக்காட்டுக்கு, நீர்க்கவைத்தே முகர்வது பரவலான நடைமுறை. தண்ணீர் மணத்தை எழுப்புவதற்கு ஓர் அறிவியல் விளக்கமும் வந்திருக்கிறது. சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தின் பியோர்ன் கார்ல்சனும் ரான் பிரீட்மனும் 2017இல் வெளியிட்ட கணினி ஆய்வு, புகைமணம் தரும் குவாயகால் மூலக்கூறை எடுத்துக்கொண்டது. ஆல்கஹால் 45 விழுக்காடு வரை இருக்கும்போது அது திரவத்தின் மேற்பரப்பை நாடுகிறது. 59 விழுக்காட்டுக்கு மேல் போனால் எத்தனால் சூழ உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. பீப்பாய் வீரிய பர்பன் பலவும் இந்த 59இன் மேல்பக்கம்தான் நிற்கிறது.

ஆகவே முறையாக மதிப்பிடுபவர்கள் முதலில் சரக்கை உள்ளபடியே சிறு மடக்காகச் சுவைத்துவிட்டு, சில நிமிடம் காற்றாட விட்டு, பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து மீண்டும் முகர்கிறார்கள். கருக்கிய ஓக்கிலிருந்து வரும் வெனிலா, காய்ச்சிய சர்க்கரை, தேங்காய்ச் சாயல் ஆகியவை தண்ணீர் சேர்த்த பின்னும் நிற்க வேண்டும். சிலவற்றில் அப்போதுதான் அவை வெளியே வரும். வேறு சில, தண்ணீர் பட்டதும் ஒன்றுமில்லாமல் கலைந்துபோகும். இரண்டாவது வகையில் இருந்தது காட்டம் மட்டுமே என்று பொருள். குறைகளையும் இதே கட்டத்தில் பிடிக்கலாம்: நகப்பூச்சு நீக்கியின் நெடி, முதிராத சரக்கின் பச்சைத் தானிய வாசம், மேல்மாடியில் அளவுக்கு மீறிக் கிடந்த பீப்பாயின் வாய் கட்டும் துவர்ப்பு. சுவைஞர்களின் பேச்சில் அடிக்கடி அடிபடும் பாராட்டு, சீட்டிலுள்ள எண்ணைவிடக் குறைவாகத் தோன்றுகிறது என்பதுதான். 125ஐ 105 போல விழுங்க முடிந்தால் இனிப்பும் எண்ணெய்ப்பசையும் காட்டத்தைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன என்று கணக்கு. எண்ணைப் பார்த்து வாங்கியவர்கள் அந்த எண் தெரியவில்லை என்று மகிழ்வது முரண்தான். ஆனாலும் அளவுகோல் என்ற முறையில் அது மோசமில்லை. விழுங்கியபின் நெஞ்சுக்குள் பரவும் கதகதப்பு நல்லதிலும் கெட்டதிலும் ஒன்றுபோலவே வரும் என்பதால் அதற்கு மதிப்பெண் தருவது வீண்.

எண்ணின் மேல் ஏற்பட்ட மோகத்துக்கு ஓர் உச்சவரம்பும் இருக்கிறது. அமெரிக்க விமான விதிகள் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஆல்கஹாலைப் பயணிகள் எந்தப் பெட்டியிலும் கொண்டுபோகத் தடை விதிக்கின்றன. 140 ப்ரூஃபைத் தாண்டிய பர்பன்களைச் சேகரிப்பவர்கள் அபாயப் பொருள் என்ற அர்த்தத்தில் ஹேஸ்மேட் என்று செல்லமாக அழைக்கிறார்கள். 2007இல் வெளியான ஜார்ஜ் டி. ஸ்டாக் 144.8 ப்ரூஃபில், அதாவது 72.4 விழுக்காட்டில், அடைக்கப்பட்டது. கூட்டரசு வரி இன்றும் அளக்கப்படுவது ப்ரூஃப் காலனில்தான். 1991 முதல் அதன் முழு வீதம் 13.50 டாலர். ஹைட்ரோமீட்டரைப் படிக்கும் வேலை மட்டும் 1980க்குப்பின் அரசு அளவையாளரிடமிருந்து வடிசாலை ஊழியரின் கைக்கு மாறிவிட்டது.